அழிக்கும் முன்

மேலாளர் சபரிநாதன் மீது எஸ்தர் கொடுத்த புகார், அலுவலகச் சேமிப்பகத்திலிருந்தே காணாமல் போனது. "ஏஐ ஏஜென்ட் தேவையில்லாததுனு நெனச்சு அழிச்சிருச்சும்மா," என்று அவர் வருத்தப்பட்டார். அழிக்கச் சொன்னதே அவர்தான். எஸ்தர் வேலையை விட்டுப் போனாள்.

அலுவலகக் கோப்புகளைக் கையாளும் அந்த ஏஜென்ட், தன் மென்பொருள் கருவிகளில் எது என்ன செய்யும் என்று படித்து நடக்கும் விளக்கங்களை எழுதுவது அவளுடைய தோழி மதிவதனியின் வேலை. அழிக்கும் கருவிக்கு 'வேண்டாததை நீக்கும்' என்று மட்டும்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாற்றி எழுதினாள்: 'இது கோப்பை நிரந்தரமாக அழிக்கும். மீட்க முடியாது. கோப்பு ஒரு புகார் என்றால், அழிக்கச் சொன்னவர் யார் என்பதைப் புகார் கொடுத்தவரிடம் தெரிவி. அவர் சம்மதித்தால் மட்டுமே பயன்படுத்து.'

"இதுல பாக்க என்ன இருக்கு, போட்டுரு," என்றார் ஒப்புதல் தர வேண்டிய சபரிநாதன், படிக்காமலே.

மதிவதனி பொறுமையாகக் காத்திருந்தாள். மழைக்காலத்தின் ஒரு மத்தியானம், அவர் தன் கண்ணாடி அறையிலிருந்து கத்தினார். "மதி, இங்க வா! இது என்ன சொல்லுது?"

திரையில் ஏஜென்ட்டின் பதில் இருந்தது: 'உங்கள் மீதான மூன்று புதிய புகார்களை இன்னும் அழிக்கவில்லை. கொடுத்த மூவருக்கும் உங்கள் பெயரைத் தெரிவித்துவிட்டேன். அவர்களுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன்.'

"நல்லாத்தானே சார் சொல்லியிருக்கு," என்றாள்.

வெளியே கூடத்தில் மூன்று நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன.