உலகம்மையின் துடிப்பு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐவர்: நான், என் தம்பி நெல்லையப்பன், அவன் மகள் உலகம்மை, அவளைப் பெண் பார்க்க வந்த சிவசைலம், அவன் தாய் சங்கரவடிவு.

பூவும் பழமும் கொண்டுவரத் தெரியாத அவர்கள், துடிப்பு பார்க்கும் கருவிகள் இரண்டும் ஒரு கணினியும் கொண்டுவந்தார்கள். இப்போது இதுதான் பொருத்தமாம். மாப்பிள்ளை விரலிலும் பெண் விரலிலும் ஆளுக்கொரு கவ்வியை மாட்டி, கருவிகளை எங்கள் வீட்டு வைஃபையில் இணைத்தார்கள். திரையில் உலகம்மை பெயருக்குக் கீழே ஒரு கோடு தாறுமாறாகத் துள்ளியது.

சங்கரவடிவு உதட்டைச் சுழித்தாள். "இருதயம் சரியில்லியே அண்ணாச்சி. நோய்க்காரப் புள்ளைய எங்க தலைல கட்டப் பாத்தியளோ?"

கருவிகளைச் சோதிப்பதே உலகம்மையின் உத்தியோகம். அவள் தன் கவ்வியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவள் பெயருக்குக் கீழே கோடு துள்ளிக்கொண்டேதான் இருந்தது.

"ரெண்டு கருவிக்கும் பேர மாத்திக் குடுத்திருக்கிய அத்தை. இது ஒங்க மவன் துடிப்பு. மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க."

சங்கரவடிவின் குரல் உடனே இறங்கியது. "அதுக்கென்ன, பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கே!"

அவர்கள் எங்கள் பெண்ணை வேண்டாமென்று எழுந்துபோனதாக ஊரில் பேசுகிறார்கள். அது பொய். வேண்டாமென்று சொன்னவள் உலகம்மை. எழுந்திருக்கச் சொன்னவன் நான்.