இரண்டாவது சாம்பிள்

"டாக்டரம்மா, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத ஆளு நான். வேற யாரோட சாம்பிளோ மாறி வந்திருக்கு."

கிரேன் ஓட்டுபவரின் குரல் கெஞ்சியது. தொழிற்சாலை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மாறல. திரும்பவும் சோதிச்சுப் பார்த்தாச்சு. நரம்பை அமுக்கி வைக்கிற மருந்து உங்க சிறுநீர்ல இருக்கு. வாய் வழியா போறதைக் கல்லீரல் உடைக்குது, சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுது. உள்ளே போகாத மருந்து அங்கே எப்படி வரும்?"

"என் பொண்ணு மேல சத்தியமா..."

"குழந்தையை ஏன் இழுக்கறீங்க? நீங்க ஆளுங்க தலைக்கு மேல இரும்பைத் தூக்குறவர். அடுத்த மாசம் இன்னொரு சாம்பிள் கொடுங்க. சுத்தமா இருந்தா மறுபடி ஏறலாம். இப்போ சாவியை வச்சுட்டுப் போங்க."

சாவியை வைத்துவிட்டு வெளியே வந்தார். முற்றத்தில் இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். விஷயம் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவன் மட்டும் காதில் விழும்படியே சொன்னான்: "அதானே பார்த்தேன். பட்டாசு எப்படிப் பச்சைத்தண்ணி ஆச்சுன்னு!"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

பட்டாசு என்பது அவருடைய பழைய பட்டப்பெயர். தொட்டால் வெடிப்பார். வெளியே வாயோடு நிற்கும். வீட்டில் கை நீளும். ஒருமுறை அறைந்த அறையில் மனைவிக்கு இடது காது கேட்காமலே போய்விட்டது. அன்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த மகளை வெளியே வரவழைக்க முடியவில்லை. 'இனி கை ஓங்கமாட்டேன்' என்று அப்போதுதான் சொன்னார். சொன்னபடியே ஆளும் மாறினார். குரல்கூடத் தணிந்துவிட்டது. மகள் அவர் மடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வேலை இடத்தில் யாராவது எகிறினால், தோளில் கை போட்டு, "மனசு வச்சா முடியும்பா. என்னையே பாரு" என்பார்.

அப்படிப்பட்டவரை இப்போது போதை ஆசாமி என்கிறார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி முந்தானையைத் திருகியபடி தரையைப் பார்த்தாள்.

"நீயும் என்னைச் சந்தேகப்படறியா?"

"இல்லீங்க" என்றாள். தலை நிமிரவில்லை.

மனைவியே முகம் பார்க்காத வீட்டில் எப்படி இருப்பது? மறுநாளே பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே போன சில நாட்களில் தூக்கம் போயிற்று. கை நடுங்கியது. குழாய் சொட்டும் சத்தம்கூட மண்டையைக் குடைந்தது. ஒரு மதியம் அக்கா சோறு போட்டபடி, "ஏன்டா, உண்மையைச் சொல்லு, எங்கிட்டகூடவா மறைப்ப?" என்று கேட்டாள். தட்டு பறந்தது. அக்காவின் முன்கையில் பட்டு ரத்தம் வந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது.

"ஐயோ அக்கா... என்ன ஆச்சுன்னே தெரியல!"

"விடு மாப்ளே" என்று மாமா சமாதானம் சொன்னார். "மானம் போனவனுக்கு மண்டை சூடாகாம என்ன செய்யும்? வேலை திரும்பக் கிடைச்சா எல்லாம் சரியாயிடும்."

அவரும் அப்படித்தான் நம்பினார். அக்காவின் கைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது சாம்பிள் கொடுத்தார். முடிவு வந்த அன்று டாக்டரே எழுந்து நின்று கைகுலுக்கினார். "சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை ஏறுங்க."

பேருந்தில் தன் வீடு போய்ச் சேரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டாமலே நுழைந்தார்.

"பார்த்தியா? என் உடம்புல ஒண்ணுமே இல்லையாம்! அந்த முதல் சோதனைதான் தப்பு! இப்பவாவது என் மூஞ்சியைப் பாரு!"

மனைவி பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. ஓடிவந்த மகளைப் பிடித்து உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணுமே இல்லையா? எல்லாம் வெளியே போயிடுச்சா?"

"எது?"

"முதல் சோதனை தப்பில்லைங்க." "காது பார்க்கப் போனப்ப ஒரு டாக்டர்கிட்ட அழுதேன். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீங்க சாப்பிடமாட்டீங்கன்னு தெரியும். பொடி பண்ணி உங்க குழம்புல கலந்தேன், தினமும். நீங்க கிரேன்ல ஏறும்போதெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கிட்டே இருப்பேன். உங்க பேர் கெட்டப்பவும் சொல்லப் பயந்து நின்னேன். அது என் தப்பு. ஆனா கோவத்தை விட்டது நீங்க இல்லைங்க."

"ஏய்!" என்று ஓர் அடி முன்னே வைத்தார்.

அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கினாள். தன் வலது கை தலைக்கு மேல் ஓங்கி நிற்பதை அப்போதுதான் அவர் பார்த்தார்.