எட்டுத் துண்டு கறி

தின்றதை ஒளிக்காமல் தினமும் மாலை ஆறு மணிக்குள் எழுதிவிட வேண்டும். 'எடை குறைப்போம்' வாட்ஸ்அப் குழுவின் சட்டம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரீபாவைத் தவிர மற்ற ஆறு பெண்களும் எழுதிவிட்டார்கள். ஓட்ஸ் கஞ்சி, வெள்ளரிக்காய், ஒரே ஒரு சப்பாத்தி. குழுவைத் தொடங்கிய குருவானவரின் மனைவி ஐயரம்மா, மதியத்தை ஓர் ஆப்பிளோடு முடித்திருந்தார்.

"எல்லாரும் எவ்வளவு கட்டுப்பாடா இருக்காவ! நான் ஒருத்திதான் இப்படித் தின்னுட்டு வந்திருக்கேன், அத்தான்," என்று புலம்பினாள் ரீபா.

அவள் கணவன் ஹெப்ரான் ஏனோ சிரித்தான். "இன்னைக்கு எழுதாம விடுட்டி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எடை மிசினுக்குத் தெரியுமே. கறி எத்தன துண்டு தின்னேன்?"

"எட்டு."

'முதல் பந்தியில் சோறு மூன்று தடவை, ஆட்டுக்கறி எட்டுத் துண்டு, பாயசம் இரண்டு டம்ளர்' என்று எழுதினாள். குத்துமதிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று கீழே இன்னொரு வரியும் சேர்த்து அனுப்பினாள்.

அடுத்த நிமிடமே ஐயரம்மாவின் ஆப்பிள் நீக்கப்பட்டது. சப்பாத்தி போயிற்று. ஓட்ஸ் கஞ்சியும் போயிற்று. 'கறி பதினொன்று' என்று ஒருத்தி புதிதாக எழுதினாள். 'சோறு நாலு தடவை' என்றாள் இன்னொருத்தி.

ரீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெப்ரான் போனை வாங்கி அவள் எழுதிய கடைசி வரியைப் படித்தான்.

'துண்டு எண்ணிச் சொன்னது, இன்று நம் சபை அசன விருந்தில் எல்லாப் பந்திக்கும் கறி வாளி தூக்கிய என் வீட்டுக்காரர்.'

அவன் சிரித்து முடிப்பதற்குள் ஐயரம்மாவிடமிருந்து செய்தி வந்தது.

'ரீபா, எனக்கு எத்தனைன்னு தம்பிகிட்ட கேட்டுச் சொல்லும்மா. பன்னிரண்டுக்கு மேல நான் எண்ணல.'