ஐந்துதான் வரும்

எர்ணாகுளத்தில் பாங்கு ஆபீஸரான விஸ்வேஸ்வரன், பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் ஒரே வித்தையைத்தான் காட்டினான். மட்டாஞ்சேரியிலும் குறை வைக்கவில்லை.

"ஒங்களுக்குப் பிடிச்சாப் போறும். அவளைக் கேக்கவே வேண்டாம்," என்றார் பெண்ணின் அப்பா.

அனந்தலக்ஷ்மி வந்து உட்கார்ந்தாள்.

"மனசுல ஒரு நம்பர் நெனச்சுக்கோ. ரெட்டிப்பாக்கு. பத்தைக் கூட்டு. பாதியாக்கு. மொதல்ல நெனச்சதைக் கழி. அஞ்சுதானே?"

எதை நினைத்தாலும் ஐந்துதான் வரும்.

"ஏழு," என்றாள்.

"இன்னொரு தரம் போடு."

விரல் மடக்கி எண்ணினாள். "இப்போ ஒம்பது."

"ரெண்டாம் கிளாஸ் கணக்கு மாமா இது. இந்த மண்டுவையா என் தலையில கட்டப் பாக்கறேள்?" என்று எழுந்துவிட்டான். அவர் தலைகுனிந்து நின்றார்.

திரும்பும் படகில் ஏறியும் அவனுக்கு இளக்காரம் அடங்கவில்லை. "கூட்டக்கூடத் தெரியலை. இதுக்கு ஒரு கல்யாணம் வேற."

"சமையல்கட்டுல என்கிட்ட நன்னாத்தான் பேசினா, அண்ணா," என்றாள் கூட வந்திருந்த தங்கை ஸ்வர்ணலதா. "நீ என்ன கேப்பேன்னு விசாரிச்சா. இந்தக் கணக்கைச் சொன்னேன். தப்பாச் சொன்னா என்னாகும்னு கேட்டா. அப்பவே வேண்டாம்னுடுவான்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்லே. சிரிச்சுண்டே ஒன் முன்னால வந்து ஒக்காந்தா."