கழற்றாத மோட்டார்

சிவகாசிச் சாலையோரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வேலைக்கு ஆளெடுக்க வந்திருக்கும் கம்பெனி மேடம், கேள்விகளை நிறுத்திவிட்டு ஒரு சின்ன மோட்டாரை மேசைமேல் நகர்த்துகிறார். "இது ஓட மாட்டேங்குது. கழட்டிப் பாரும்மா." மோட்டார் எப்படி ஓடுகிறது என்று இப்போதுதான் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்து முடித்த மாணவி அப்ரினின் விரல்கள், துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஜன்னல் வெயிலில் ஸ்க்ரூ டிரைவர் பளபளக்கிறது. வாசலோரம் அவளுடைய ஆசிரியர் முனியராஜ் நிற்கிறார். பட்டாசு ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்திவிட்டு, அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசினாற்போன்ற கைகளோடு வீடு திரும்பும் அவருடைய அம்மா, "எதையும் தொட்டுறாதலே" என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தாள். ஆய்வகத்தில் இந்தப் பிள்ளைகளிடம் அவரும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார். அங்கே இயந்திரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள், ஆயுதபூசைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு, வாங்கிய மேனிக்கே இருக்கின்றன. தூரத்தில் எங்கோ வெடியைச் சோதிக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. அப்ரின் கையை நீட்டுகிறாள். மோட்டாருக்கு ஒரு சாண் இருக்கும்போதே அந்தக் கை நின்றுவிடுகிறது. அவள் முகம் மேடத்தை விட்டு வாசல் பக்கம் திரும்புகிறது. "தொடலாமா சார்?" முனியராஜ் 'தொடு, தொடு' என்பதுபோல் வேகவேகமாகத் தலையாட்டுகிறார். அவள் கை அங்கேயே நிற்கிறது.