ஸ்டெடி என்றால்

வின்சன்ட் சுக்கான் சில்லை, அந்தச் சக்கரத்தை, அசைக்கவே இல்லை. ஆனாலும் கப்பல் திரும்பிக்கொண்டே இருந்தது.

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தில் விட்டுப்போன பழைய இழுவைக் கப்பல் அது. சிறியதுதான்; ஆனால் யானைக் கனம். கயிறு இழுத்துக்கொண்டிருந்தவனை அன்றுதான் முதன்முதலாகச் சுக்கான் பிடிக்க விட்டிருந்தார்கள்.

கப்பித்தான் தம்பிராசா வலப்பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினான். கப்பலின் மூக்கு கோட்டை மலைக் கொடிமரத்துக்கு நேரே வரப்போகும் தறுவாயில், "ஸ்டெடி!" என்றார்.

அவன் சில்லை நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான்.

மூக்கு கொடிமரத்தைத் தாண்டி, நங்கூரமிட்டு நின்ற எண்ணெய்க் கப்பலை நோக்கிப் போனது. தம்பிராசா பாய்ந்து வந்து சில்லைப் பிடுங்கித் திருப்பியிராவிட்டால் மோதியே இருக்கும்.

"நான் ஆட்டவே இல்லை, ஐயா."

"ஓம், நீர் சில்லை ஆட்டேல்லை. கப்பலெல்லோ ஆடினது! எனக்கு எது ஆடாம இருக்கவேணும், சில்லோ கப்பலோ? நாளைக்கும் இப்பிடியெண்டா பழையபடி கயித்தடிக்குப் போம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி எல்சியின் ஆங்கில அகராதியைப் புரட்டினான். ஸ்டெடி: அசையாத, தளம்பாத. அவன் நினைத்திருந்த பொருள்தான். சொல் சரி, கை சரி, கப்பல் மட்டும் பிழை. அது எப்படி?

நடந்ததைக் கேட்ட எல்சி அவனை யோசிக்க விடவில்லை. சாம்பல்தீவில் மருத்துவிச்சி வேலை கிடைத்திருந்தது அவளுக்கு. வீடுவீடாகப் போகச் சைக்கிள் ஓடத் தெரியவேண்டும். கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அலை வந்து போன ஈர மணல் சீமெந்துத் தரைபோல் இறுகிக் கிடந்தது. அவள் மிதித்தாள். அவன் கரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடினான்.

"ஹாண்டிலை ஆட்டாத எல்சி! நேரே பிடி!"

நேரே பிடித்தாள். விழுந்தாள். மறுபடியும் நேரே பிடித்தாள். மறுபடியும் விழுந்தாள்.

சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இஞ்சருங்கோ, வாயை மூடிக்கொண்டு ஓடி வாங்கோ. கப்பலோட மோதப்போன ஆள் எனக்குச் சொல்லித் தாறாராம்!"

இம்முறை அவன் பேசவில்லை. குனிந்து, சில்லுத் தடங்களைப் பார்த்தபடி ஓடினான்.

ஓடியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மணலில் இரண்டு தடங்கள். பின்சில்லின் தடம் ஏறக்குறைய நேராகப் போனது. முன்சில்லின் தடம் அதன்மேல் பாம்புபோல் நெளிந்து, இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று அதை வெட்டி வெட்டிப் போனது. சைக்கிள் சாயத் தொடங்கும்போதே அவள் கை திருத்திவிடுகிறது. திருத்தியது கூடிப்போகுமுன் மறுபக்கம் திருத்துகிறது. அந்த நேர்கோட்டைக் கோணல்களைக் கொண்டே செய்துகொண்டு போகிறாள்.

வின்சன்ட் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் இதுவரை பார்த்த, நேராகப் போன ஒவ்வொரு கப்பலுக்குள்ளும், தலையில் குடத்தோடு நடந்த ஒவ்வொரு பெண்ணின் கழுத்துக்குள்ளும் இந்த நெளிவு இருந்திருக்கிறது!

பிறகுதான் தன் கையைப் பார்த்தான். அதில் கரியர் இல்லை. தடங்கள் கடலோரமாய் நீண்டு போயிருந்தன. அவற்றின் முனையில் எல்சி, தனியே.

மறுநாள் காலை அதே திருப்பம், அதே கொடிமரம்.

"ஸ்டெடி!"

மூக்கு கொடிமரத்துக்கு நேரே வந்து நின்றது. தம்பிராசா அதை ஒருமுறையும் வின்சன்டின் கைகளை ஒருமுறையும் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் சுருட்டைத் தேடினார்.

ஸ்டெடி என்று கேட்டதும், மூக்கு திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சில்லைத் திருப்பவேண்டும். திரும்புவது அடங்கியதும் நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். அதன்பின் இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை. கையை மட்டும் நிறுத்தக்கூடாது.