முதல் தாமதம்

"பஸ்ஸெல்லாம் லேட்டாகறதுக்குக் காரணம் யாருன்னு ஒரே ஒரு பேர் எழுதிக் கொடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன். அஞ்சு மணிக்குள்ள வேணும்" என்றார் டிப்போ மேலாளர்.

எதிரே நின்றவர் புள்ளியியல் பிரிவில் இருப்பதால் எல்லோருக்கும் 'புள்ளி சார்'. எந்தப் பேருந்தின் தாமதம் அடுத்து எதைத் தொற்றுகிறது என்று மூன்று மாதக் கணக்கை நிமிடம் நிமிடமாகப் பார்த்துவிட்டார். மழையைக் கழித்தார். நெரிசலைக் கழித்தார். மிஞ்சியது ஏழாம் எண் வண்டி. செவ்வாயும் வெள்ளியும் காலையில் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் நான்கு நிமிடம் நிற்கிறது. அந்த நான்கு, பின்னால் வரும் வண்டிக்கு எட்டாகி, மதியத்துக்குள் ஊர் முழுக்க இருபதாகிவிடுகிறது.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" மேலாளர் சிரித்தார். "நீங்க இங்க சேர்ந்த வாரத்துலேருந்துதான் இந்தத் தொல்லை. உங்க ராசி அப்படி!"

"ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வந்தா, அதுவே காரணம் ஆயிடாது சார்."

டிரைவரை வரவழைத்தார்கள்.

"அங்க எதுக்கு அவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

"ஆள் ஏறணும்ல சார்."

"செவ்வாய், வெள்ளி மட்டும் ஏறுற ஆள் யாருய்யா? வீட்டுக்குத் தெரியுமா?" மேலாளர் கண்ணடித்தார்.

டிரைவர் சிரிக்கவில்லை. "சொன்னா நிக்காதேன்னுவீங்க. என் பேரையே எழுதிக்குங்க சார்."

அவர் போன பிறகு புள்ளி சாருக்குக் கை ஓடவில்லை. எழுதினால் ஒரு மனிதனுக்கு வேலை போய்விடும். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால்? மறுபடி போட்டார். இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் ஏழுதான்.

நடுநடுவே மனைவிக்கு அழைத்தார். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். இப்போது எட்டு மணிக்கே இங்கே இருந்தாக வேண்டும். இன்று காலையில்கூட, "பஸ் ஸ்டாப் வரைக்குமாவது விடுங்களேன்" என்றாள். "லேட்டாயிடும்" என்று கிளம்பி வந்துவிட்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டிரைவரின் பெயரை எழுதினார். போன் அடித்தது.

"வீட்டுக்கு வந்து அப்படியே தூங்கிட்டேங்க."

"ஏன்மா, பயந்தே போயிட்டேன். கால் வீக்கத்தோட பஸ்ஸுக்கு எப்படி நடந்தே?"

"மெதுவாத்தான். அந்த டிரைவர் தம்பி தங்கமான பிள்ளை. தெரு முனையில என்னைப் பார்த்துட்டா, நான் போய் ஏறி உட்கார்ற வரைக்கும் வண்டியை எடுக்கவே மாட்டார்."

"எந்த ஸ்டாப்ல?"

"தண்ணித் தொட்டியிலதான். இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் கேக்கறீங்க!"

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பேர் எழுதியாச்சா?"

புள்ளி சார் டிரைவரின் பெயரை அடித்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதி நீட்டினார்.

"காலையில நீங்க சொன்னதுதான் சரி சார். நான் இங்க சேர்ந்த வாரத்துலேருந்துதான்."